வயல் வாசலில் தொலைந்த மோதிரம்

என் கடைக்கு வருகிற ஆண்களில் பாதிப் பேர் கேட்கும் முதல் கேள்வி, "இது எவ்வளவு ஆழம் போகும்?" என்பதுதான். இங்கிலாந்தில் எங்கள் நார்ஃபோக் வயல்களில் நல்ல பொருளெல்லாம் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே கிடக்கிறது. அதைத் தாண்டித் தாண்டி நடந்துவிட்டு, புதையல் பாதாளத்தில்தான் இருக்கிறது என்று சாதிப்பார்கள். நான் வெண்டி. மெட்டல் டிடெக்டர் விற்கிறேன். கடையை ஆரம்பித்தவர் என் கணவர். அவர் கடலோர க்ரோமர் ஊரில் நண்டு விற்கிற ஒருத்தியோடு போய்விட்டார், கடை என் தலையில் விழுந்தது. என் கல்யாண மோதிரத்தை விற்றுக் கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை வைத்தேன். ஸ்டான் லார்ட்டர் விஷயத்தில் நான் யார் பக்கம் என்று எனக்கே தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஸ்டான் ஆழம் கேட்காத ஆள். டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர், எங்கள் தேடுவோர் சங்கத்தில் மூத்தவர். அவர் தோண்டிய குழியை மூடிவிட்டால், தோண்டினாரா என்று வயல்காரனுக்கே சந்தேகம் வரும். புதிதாகச் சேர்ந்தவன் எவனாவது ரோமானியக் காசைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, என்ன விலை போகும் என்று இளித்தால், ஸ்டான் ஒன்றே ஒன்று கேட்பார்.

"எங்க கிடந்துச்சு?"

"அங்கதான், வயல்ல."

"வயல்ல எங்கன்னு சொல்லத் தெரியலைன்னா இது வெறும் தகரம். பொருளைப் பார்த்து ஏமாறலாம்யா. கிடந்த இடம்தான் நடந்ததைச் சொல்லும்."

சங்கத்தில் எல்லோரும் அவர் குரலில் இதைச் சொல்லிக் கேலி செய்வோம்.

ஆனால் அவர் டிடெக்டரைத் தூக்கியது ரோமானியர்களுக்காக அல்ல. மகள் ஜில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வருஷம், அவர் மனைவி பெரில் உருளைக்கிழங்கு பொறுக்கும் வேலைக்குப் போனாள். ஒரு நாள் சாயங்காலம் வெறும் விரலோடு வீட்டுக்கு வந்து, மோதிரம் வயல் வாசலில், வேலிக் கதவுப் பக்கம் நழுவி விழுந்துவிட்டது, குளிரில் விரல் சுருங்கிப்போனது தெரியவில்லை என்று சொன்னாள். ஸ்டான் அடுத்த வாரமே ஒரு டிடெக்டர் வாங்கினார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த வயல்தான். வேறு மோதிரம் வாங்கித் தருகிறேன் என்று இவர் சொன்னபோதெல்லாம் பெரில் வேண்டாம் என்றாள். போனவருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவள் இறந்தாள். அவளுடைய அஸ்தி கூடத்து அலமாரியிலேயே இருந்தது. மோதிரத்தோடுதான் அடக்கம் செய்வேன் என்று ஸ்டான் பிடிவாதம் பிடித்தார். ஜில் கெஞ்சியும் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள்.

இந்த நிலைமையில்தான் ஜூலை மாதம் பழைய கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"தோள்பட்டை போச்சும்மா வெண்டி. இதைத் தூக்கி ஆட்ட முடியல. டாக்டர் விட்டுடுன்னான். டாக்டரை விட்டுட்டேன்."

மூன்று கருவிகளை எடுத்து வைத்தேன். ஒன்று ஆழம் போவது, கனம் அதிகம். இன்னொன்று கெட்டிக்காரக் கருவி, திரை முழுக்க எண்கள். மூன்றாவது லேசானது.

"இந்த நடுவுல இருக்கறது குப்பையைக் கத்த விடாதாமே?"

"விடாது. பீர் டின் வளையம் கிடந்தா வாயை மூடிக்கும். ஆனா இதைப் பாருங்க."

மேசை இழுப்பறையிலிருந்து மெல்லிய தங்க மோதிரம் ஒன்றையும் ஒரு டின் வளையத்தையும் தரைக் கம்பளத்தில் போட்டுக் கருவியை மேலே ஆட்டிக் காட்டினேன். இரண்டுக்கும் ஒரே சத்தம், ஒரே எண். குப்பையை வாயடைத்தால் மோதிரத்தையும் வாயடைத்த மாதிரிதான்.

ஸ்டான் சிரித்தார். "அதான் எனக்குத் தெரியுமே. இத்தனை வருஷமா டின் வளையமாத் தோண்டித் தோண்டி வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருக்கேன். பெரில் ஜாம் பாட்டில்ல போட்டு வைப்பா. 'எந்தப் புருஷன் பொண்டாட்டிக்கு இத்தனை மோதிரம் குடுத்திருக்கான்'னு கிண்டல் வேற."

"அப்போ இந்த லேசானதை எடுத்துக்குங்க. தண்ணிக்குள்ளயும் போகும்."

"தண்ணி எதுக்கு? நான் குளிக்கவே யோசிக்கற ஆளு." கொஞ்ச நேரம் கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு குரல் இறங்கியது. "ஒரு தடவை வயல் கோடியில இருக்கற குளத்துப் பக்கம் தேடிப் பார்க்கட்டுமான்னு கேட்டேன். போகாதேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டா. உனக்கு நீச்சல் தெரியாது, ஒரு மோதிரத்துக்காக உன்னைப் பறிகொடுக்க மாட்டேன்னு அழுதுட்டா, தெரியுமா? அப்படி ஒரு பொம்பளை."

எனக்குப் பொறாமையாக இருந்தது. என்னைப் பற்றி இப்படிச் சொல்ல ஒருத்தனும் இல்லை.

கனத்துக்காகவே லேசானதை எடுத்தார். பழையதை விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லித் தந்தார். அதன் கைப்பிடியில் பெரில் தன் பழைய ஸ்வெட்டர் துணியைச் சுற்றித் தைத்திருந்தாள். அதைப் பிரிக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, அப்படியே மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வருஷம் மழையே இல்லை. ஆகஸ்டில் கோதுமை அறுப்பு முடிந்ததும், கடைக்கு அரைநாள் விடுமுறையான ஒரு புதன்கிழமை, கருவியைச் சரிசெய்து கொடுக்க நானும் வயலுக்குப் போனேன். வாசல் பக்கம் முழுக்கத் தேடினோம். கொக்கி, ஆணி, குதிரை லாடத் துண்டு. வெயில் தாங்காமல் வயலின் அந்தக் கோடியில், குளத்துக் கரை மரத்தடியில் உட்கார்ந்து சீஸ் சாண்ட்விச் சாப்பிட்டோம். பழைய காலத்தில் மண் வெட்டியெடுத்த பள்ளம் அது. எப்போதும் ஆள் முழுகும் தண்ணீர் நிற்கும். அன்று கணுக்கால் அளவு சேறுதான் மிச்சம்.

"தண்ணிக்கும் சேர்த்துத்தானே என் தலையில கட்டின? நனைச்சுப் பார்த்துடலாம்" என்று சொல்லி ஸ்டான் பூட்ஸோடு இறங்கினார்.

நடுக்குளத்தில் நின்றார். கருவியை ஒரே இடத்தில் முன்னும் பின்னும் ஆட்டினார். குனிந்து சேற்றை அள்ளினார்.

"இன்னொரு டின்னா?" என்று கத்தினேன்.

கட்டைவிரலால் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தார். நான் செருப்போடு சேற்றில் இறங்கி ஓடினேன். அவர் உள்ளங்கையில் மெல்லிய தங்க மோதிரம், உட்பக்கம் அவர்கள் இரண்டு பேரின் முதலெழுத்துகள். நான் கூச்சல் போட்டு அவரைக் கட்டிக்கொண்டேன். அவர் அசையவில்லை. வாசலைப் பார்த்தார். அது மேட்டில், வயல் முழுக்கத் தாண்டி, நடுவில் ஒரு ஓடையும் குறுக்கே கிடக்க, தூரத்தில் தெரிந்தது. பிறகு கரையைப் பார்த்தார். கரையில் நிற்கிற ஒருத்தி கையை ஓங்கி வீசினால் விழக்கூடிய இடத்தில்தான் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"கலப்பை இழுத்துட்டு வந்திருக்கும் ஸ்டான்."

"குளத்துல யார் உழுதா?"

"ஏதாவது பறவை தூக்கிட்டு வந்து..."

"வேண்டாம்மா" என்றார். "கிடந்த இடம்..." மோதிரத்தை உள்ளங்கையில் மூடிக்கொண்டார்.

கரைக்கு வந்து உட்கார்ந்தோம். ஸ்டான் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, "மோதிரம் தொலைஞ்ச அந்த வருஷம் நாங்க சந்தோஷமா இருந்தோம்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார்.

நான் செருப்புச் சேற்றைப் புல்லில் துடைத்தேன்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் சாண்ட்விச் கட்டிக் குடுப்பா. ஃபிளாஸ்க்ல டீ ஊத்திக் குடுப்பா. வாசப் பக்கம் நல்லாப் பாருன்னு சொல்லி அனுப்புவா."

"எறிஞ்சாங்க, சரி. ஆனா வீட்டுக்குத்தானே வந்தாங்க? உங்களை விட்டுட்டா போனாங்க?"

"வந்தா. எதுக்கு வந்தான்னு இனிமே யாரைப் போய்க் கேக்கறது?"

அவர் அழுதார். எனக்குப் பெரில் மேல் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்கும்போது அந்தக் கோபம் இறங்கிவிட்டது. சின்னக் குழந்தையை வைத்துக்கொண்டு, கிழங்குக் கூடையோடு குளத்தங்கரையில் நின்றவளுக்கு அன்றைக்கு என்ன வந்ததோ. ஒரே ஒரு பொய் சொன்னாள். இந்த மனிதர் அதை நம்பி ஒரு கருவி வாங்கி வந்து நின்றார். அதற்கப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமை பார்த்து உண்மையைச் சொல்வது? என்னால் முடிந்திருக்காது. பாவம் அவள், பாவம் இவர் என்று நினைத்து நானும் அழுதேன்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு ஸ்டான் ஜில்லையும் கூட்டிக்கொண்டு வந்தார். மோதிரத்தை மேசையில் வைத்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது. தலைவர் பொருள் கிடைத்த இடங்களைக் குறித்து வைக்கும் சுவர் வரைபடத்தின் அருகே போய், கையில் குண்டூசியோடு திரும்பி, ஸ்டானின் குரலிலேயே கேட்டார்:

"எங்க கிடந்துச்சு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் டீ ஊற்றுவதை நிறுத்தினேன்.

"வயல் வாசல்" என்றார் ஸ்டான். "இடது தூண்லேர்ந்து கொஞ்சம் உள்ள. அவ சொன்ன அதே இடம்."

ஜில் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "அம்மா அப்பவே சொன்னாங்கல்லப்பா."

"சொன்னா கண்ணு. எனக்குத்தான் காது கேக்கல."

தலைவர் வாசலில் குண்டூசியைக் குத்தினார். கிடந்த இடத்தை மாற்றிச் சொல்கிறவனை சங்கத்திலிருந்தே துரத்த வேண்டும் என்று சண்டை போட்டவர் ஸ்டான். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. நான் கோப்பைகளை நிரப்பி எல்லோருக்கும் கொடுத்தேன்.

சனிக்கிழமை சர்ச் மண்ணில் பெரிலின் அஸ்தியை மோதிரத்தோடு அடக்கம் செய்தார்கள். அடுத்த வாரம் ஸ்டான் கடைக்கு வந்தார். புதுக் கருவியைச் சேறு போகக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"தண்ணி எனக்கு ஒத்துக்கலம்மா. பழசு இருக்கா, வித்துட்டியா?"

நான் அதை விற்பனைக்கே வைக்கவில்லை. உள்ளே போய் எடுத்துவந்து கொடுத்தேன்.

"தோள்பட்டை?"

"வலிக்கட்டும்."

மனசு கேட்காமல் கேட்டுவிட்டேன். "மோதிரம்தான் கிடைச்சாச்சே ஸ்டான். இனிமே எதைத் தேடப் போறீங்க?"

அவர் கைப்பிடியில் சுற்றியிருந்த ஸ்வெட்டர் துணியின் பிரிந்த நூலை உள்ளே தள்ளிவிட்டார்.

"அவ வாசல்ல தேடுன்னுதானே சொன்னா" என்றார். "வேற இடம் சொல்லலியே."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வழியாகப் போனால், வாசலருகே அவர் குனிந்து குழி மூடிக்கொண்டிருப்பது தெரியும்.