இனிப்பாக ஒரு வாடை

மிளகாய் வத்தல் மண்டி வைத்திருப்பவனுக்கு மூக்கு செத்துப்போயிருக்கும் என்று கோவில்பட்டியில் பலர் நினைக்கிறார்கள். சுத்தப் பொய். நாகலாபுரத்து மிளகாய் எது, புதூர் மிளகாய் எது என்று சாக்கைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடுவேன். அந்த மூக்குதான் போன கோடையில் என்னைப் படாத பாடு படுத்தியது.

ஒருநாள் காலையில் கழிப்பறையில் நின்றபோது கருப்பட்டி காய்ச்சுகிற வாடை அடித்தது. பக்கத்து வீட்டில் பணியாரத்துக்குப் பாகு வைக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். மறுநாளும் அதே வாடை. தினமுமா பணியாரம் சுடுவார்கள் என்று யோசித்தபோதுதான், வாடை என்னிடமிருந்தே வருகிறது என்பது உறைத்தது.

சிறுநீர் இனிப்பாக மணந்தால் சர்க்கரை வியாதி. எனக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான். சர்க்கரையால் என் அப்பாவுக்கு ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்தப் பயத்திலேயே நான் ரத்தம் சோதித்துப் பார்த்ததில்லை. பார்த்தால்தானே இருக்கிறது என்பார்கள்?

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. மண்டிக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் ஒன்றுக்கு இருந்துவிட்டு, எறும்பு வருகிறதா என்று குத்தவைத்துப் பார்த்தேன். வந்தது. கடலை மிட்டாய் ஊரில் எறும்பு எங்கேதான் இல்லை? அது அப்போது தோன்றவில்லை. மூட்டை இறக்க வந்தவர் எட்டிப் பார்த்து, "என்னத்தத் தேடுதீங்க அண்ணாச்சி?" என்றார். சாவி என்று சொல்லிவிட்டேன். நல்ல மனுஷன், அவரும் கூட உட்கார்ந்து தேடத் தொடங்கிவிட்டார்.

அன்றிலிருந்து டீக்குச் சீனி இல்லை, கடலை மிட்டாய் இல்லை. வெந்தயத்தை மட்டும் கூட்டினேன். கோடை பிறந்துவிட்டால் எங்கள் மண்டிகளில் ஆளாளுக்கு ஊறவைத்த வெந்தயம் விழுங்குவது வழக்கம். வத்தல் நெடியும் கரிசல் வெயிலும் சேர்ந்து கிளப்புகிற சூட்டுக்கு அதுதான் மருந்து. நானும் கொஞ்ச நாளாக விழுங்கிக்கொண்டிருந்தேன். சர்க்கரைக்கும் அது நல்லது என்பார்களே என்று இப்போது காலையும் மாலையும் கை நிறைய அள்ளிப் போட்டேன். வாடை கூடியது. பயத்தில் இன்னும் கொஞ்சம் வெந்தயம். அடிக்கடி ஒன்றுக்குப் போவதும் சர்க்கரையின் அடையாளமாமே என்று தண்ணீரையும் குறைத்துவிட்டேன். நீர் கடுக்க ஆரம்பித்தது.

கடைசியில் என் மனைவியே கேட்டுவிட்டாள். "ஏங்க, பாத்ரூமுல என்ன பாகா காய்ச்சுதீங்க?"

எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "இத மனசுக்குள்ள வச்சுக்கிட்டா இம்புட்டு நாளும் முழிச்சிக்கிட்டு இருந்தீங்க? கெளம்புங்க" என்றாள்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அப்பாவின் கால் கதையையும் கேட்டுக்கொண்டு, ரத்தமும் சிறுநீரும் சோதிக்கச் சொன்னார். முடிவு வரும்வரை குனிந்து என் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படியே அப்பாவின் பாதங்கள்.

"ஒங்களுக்குச் சர்க்கரையும் இல்ல, கிருமியும் இல்ல" என்றார் டாக்டர். நான் அழுதுவிட்டேன். அத்தனை பேர் முன்னால், வெட்கமே இல்லாமல். மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"தண்ணி குடிக்காமத்தான் கடுக்குது. வேற என்ன சாப்பிடுதீங்க?"

பையிலிருந்த வெந்தயப் பொட்டலத்தை எடுத்து நீட்டினேன். டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். வெந்தயம் தின்றால் சிறுநீரும் வியர்வையும் இப்படித்தான் இனிப்பாக மணக்குமாம். "கொஞ்ச நாள் நிப்பாட்டிட்டு நல்லா தண்ணி குடிங்க. அதுக்கப்புறமும் வாடை போகலன்னாலோ, காய்ச்சலோ எரிச்சலோ இருந்தாலோ வாங்க" என்றவர், நாங்கள் எழுந்தபோது கேட்டார்: "ஒங்க அப்பாவுக்குச் சர்க்கரை இருக்குன்னு எப்பிடித் தெரிஞ்சது?"

காலில் புண் ஆறாமல் போனபோதுதான் தெரிந்தது. அதுவரை ஒரு தொந்தரவும் இல்லை.

"அதான். வாடைக்குக் காத்திருக்காம வருசத்துக்கு ஒருக்க சோதிங்க" என்றார்.

வெந்தயத்தை நிறுத்திய சில நாட்களில் வாடை போயே போய்விட்டது. புதூரில் ஆடு வைத்துப் பிழைக்கும் என் தம்பிக்குப் போன் போட்டு, எறும்பு பார்த்த கதை முதல் அழுத கதைவரை சொன்னேன். இருமல் வரும்வரை சிரித்தான்.

"நீயும் ஒருக்க இங்க வந்து சோதிச்சுப் பாருலே."

"எனக்கென்னண்ணே, ஒரு வாடையும் இல்ல. நல்லாத்தான் இருக்கேன்."

"அப்பாவும் அப்பிடித்தாம்லே இருந்தாவ."

சிரிப்பு நின்றுவிட்டது. கத்திய ஆடுகளை அதட்டிவிட்டுத் தம்பி கேட்டான்:

"வெறும் வயித்தோடயாண்ணே வரணும்?"