நாற்பது நொடிக்கு இரண்டு மதிப்பெண்

லிப்ட் மெக்கானிக்குக்குக் காது ரொம்பக் கூர்மை. கீழ்த்தளத்தில் நின்றபடியே, மேலே மோட்டாரில் பேரிங் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். மேடை ஏறிய பிறகே என்ன வாசிப்பது என்று யோசிக்கும் ஒரு ராக் குழு, அந்தக் காதை நம்பித் தன் கச்சேரிப் பதிவுகளை அவரிடம் கொடுத்துவந்தது. பத்துக்கு ஏழு வாங்கினால் ஆல்பம், வாங்காவிட்டால் பரண். இதுவரை எல்லாம் பரணுக்குத்தான் போயின.

அந்தக் குழுவின் டிரம்மர் அவருடைய தம்பி. இப்போது கொடுத்திருக்கும் பதிவும் தேறாவிட்டால் டிரம்ஸையே விற்றுவிடப் போவதாக அண்ணியிடம் சொல்லியிருந்தான்.

"கூடப் பொறந்தவனுக்கு ரெண்டு மார்க் கூட்டிப் போட்டா குடியா முழுகிடும்?" என்றாள் மனைவி.

"மோட்டாருக்குத் தம்பி அண்ணன்லாம் தெரியாது" என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

கடைசிப் பாட்டு இருபத்தாறு நிமிடம். கிட்டார் எங்கெங்கோ திரிந்தது. தம்பி அதை விடாமல் துரத்திப் பிடித்தான். மெக்கானிக் பெருமையோடு மேஜையில் விரலால் தாளம் போட்டார். பத்தொன்பதாம் நிமிடத்தில் டிரம்ஸ் நின்றது. நாற்பது நொடி கழித்துத் தட்டுத்தடுமாறிச் சேர்ந்துகொண்டது. நோட்டில் எழுதினார்: டிரம்மருக்குக் கவனமில்லை, இரண்டு குறைவு. மொத்தம் ஐந்து.

மதிப்பெண் குறைத்த இடத்தை இரண்டாம் முறை கேட்காமல் அவர் கையெழுத்துப் போடுவதில்லை. கேட்டார். டிரம்ஸ் நிற்பதற்குச் சற்று முன் ஒரு கிரீச். அரங்கின் பக்கக் கதவு, மேல் கீலில் எண்ணெய் இல்லை. கச்சேரிக்குப் போயிருந்த அன்றைக்கே கவனித்திருந்தார். ஏனென்றால் அதைத் திறந்துகொண்டு போனவரே அவர்தான். எங்கோ லிப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாகப் போன் வர, முதல் வரிசையிலிருந்து எழுந்து போயிருந்தார். அதைத் தம்பியிடம் சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

வெட்கமாக இருந்தது. போனை எடுத்தார்.

"அன்னிக்கு நடுவுல எழுந்து போனேன்ல, லிப்ட்ல ஆள் மாட்டிக்கிச்சுடா."



"உனக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேண்ணா. கையே ஓடல."

"மடையா, நல்லா வாசிச்சடா."

"அப்ப மார்க்கு?"

"ஏழு. அந்த ரெண்டையும் என் பேர்ல எழுதிட்டேன்."

"மிச்சம் மூணு?"

"ரெண்டாவது பாட்டுல தாளத்தை விட்டுத் தலைதெறிக்க ஓடினே. அது உன் பேர்லதான்."

அடுத்த கச்சேரிக்கு அரைமணி முன்னதாகவே போய்க் கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டார். பிறகு போனைத் தன்னுடன் வேலை பார்ப்பவரிடம் ஒப்படைத்துவிட்டு, தம்பி கண்ணில் படும்படி முதல் வரிசையில் உட்கார்ந்து, கடைசிவரை எழுந்திருக்கவே இல்லை.