எண்ணெய் வைத்த தலை

பிரிசில்லாவின் பிழைப்பு அடுத்தவர் தலையில் நடக்கிறது. தினமும் விடியற்காலை ரயிலில் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வந்து, ஒரு மூளை ஆராய்ச்சிக்கூடத்தில், வருகிறவர்களின் தலையில் மூளை அலைகளைப் பதிவு செய்யும் அறுபத்து நான்கு கம்பிகள் கொண்ட தொப்பியை மாட்டுவாள். பசை வைத்து, ஒவ்வொரு கம்பியும் தோலோடு ஒட்டினால்தான் திரையில் அதற்குரிய புள்ளி பச்சையாகும். எண்ணெய்த் தலை என்றால் சிவப்புதான். அதனால் ‘எண்ணெய் வைத்துக்கொண்டு வராதீர்கள்’ என்று அடம்பிடித்து அறைச் சுவரில் அறிவிப்பு ஒட்டவைத்தவளும் அவளே. பதினோரு வருடத்தில் அவள் கையால் ஒரு பதிவும் கெட்டதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இந்த வருடம் சீன மொழி. சீனத்தில் வினைச்சொல் உருமாறாதாம். செயல் முடிந்ததா, இன்னும் நடக்கிறதா என்பதைக் கூட வரும் ஒரு சின்னச் சொல் காட்டிக்கொடுக்குமாம். அந்தச் சொல்லைத் தப்பாகப் போட்டால் மூளை எத்தனை சீக்கிரம் திடுக்கிடுகிறது என்று பார்ப்பது அந்தக் கூடத்து இளம் விஞ்ஞானி ரகுராமின் ஆராய்ச்சி. நூற்றுக்கணக்கான வாக்கியங்களைப் படிக்கவைத்து, அலைகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். அதற்குப் பெங்களூரில் இருபத்து நான்கு சீனர்களைத் தேடிப் பிடிப்பதற்குள் அவனுக்கு நாக்கு தள்ளிவிட்டது.

கடைசி ஆள் லியூ மேய், பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளரின் மனைவி. இரண்டு நாள் பதிவு, மூன்றாம் நாள் ஒரேயடியாக ஊருக்கு விமானம்.

முதல் நாள் முடிந்ததும் வழக்கம்போல் பிரிசில்லாவே அவள் தலையை அலசிப் பசையை எடுத்தாள். மூன்று மணி நேரம் திரையைப் பார்த்ததில் லியூ மேயின் கண்கள் சிவந்திருந்தன. பாவமாக இருந்தது. கைப்பையிலிருந்த தேங்காயெண்ணெயை எடுத்து, சூடு தணியட்டும் என்று உச்சியில் வைத்துத் தேய்த்துவிட்டாள். லியூ மேய் அப்படியே சொக்கிப்போனாள்.

மறுநாள் தொப்பியை மாட்டினால் திரை முழுக்கச் சிவப்பு. பிரிசில்லா ரகுராமைக் கூப்பிட்டாள்.

“சார், நேத்து நான்தான் எண்ணெ வெச்சேன். இன்னிக்கும் பதிவு இருக்குதேன்னு புத்தியில படவே இல்ல.”

ரகுராம் சுவரில் இருந்த அறிவிப்பைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். “அக்கா, இவங்க போய்ட்டா இன்னொருத்தர் கிடைக்க ஆறு மாசம் ஆகும்.”

“ஒரு மணி நேரம் குடுங்க சார்.”

ஆராய்ச்சிக்கூடத்து ஷாம்பு குழந்தைகளுக்கானது. இரண்டு முறை போட்டும் வழவழப்பு போகவில்லை. எதிரிலிருந்த மளிகைக் கடைக்கு ஓடிப்போய்ச் சீயக்காய்த்தூள் வாங்கி வந்தாள். லியூ மேயைத் தொட்டியில் குனியவைத்து, கண்ணில் படாமல் நெற்றியில் ஒரு கையை அணைகட்டி, மறு கையால் அரக்கித் தேய்த்தாள். முடியை உலர்த்திப் பசை வைத்தாள். ஒவ்வொரு புள்ளியாகப் பச்சையானது. அறுபத்து நான்கும் வந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

தலைக்குக் குளித்தவளுக்குத் தூக்கம் வந்துவிடுமோ என்ற பயம் வேறு. இடைவேளைக்கு இடைவேளை முகம் கழுவ அனுப்பிவைத்தாள். லியூ மேய் ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

“அலை சுத்தமா இருக்குக்கா, மத்த இருபத்து மூணு பேரைவிட!” என்ற ரகுராம், பேனாவை எடுத்து அறிவிப்பின் கீழே எழுதினான்: ‘பிரிசில்லாவும் வைத்துவிடக் கூடாது.’ அவளுக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன.

பசையை அலசி முடித்ததும் லியூ மேய் எழுந்திருக்கவில்லை. தன் பையிலிருந்து ஒரு புதுத் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்து நீட்டினாள். காலையில் வரும் வழியில் வாங்கினாளாம். பதினோரு வருடத்தில் தொட்ட தலை எத்தனையோ, இன்னொரு முறை தொடச் சொல்லிக் கேட்டது இது ஒன்றுதான். பிரிசில்லாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த அறிவிப்புக்குக் கீழேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, உள்ளங்கை நிறைய எண்ணெய் ஊற்றிக்கொண்டாள்.