பார்க்காததைச் சொல்லாத ரீத்தம்மாள்

எங்கள் தீவின் சாத்தம் ஜெட்டியில் ஃபெர்ரிக்காக நின்றிருந்தபோது பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவின் அழைப்பு வந்தது. அந்த வீட்டு எண்ணைப் பார்த்தாலே, கடலுக்குப் போய்த் திரும்பாத அவள் அப்பாவின் உடல் எங்காவது கரை ஒதுங்கிவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றும். அன்றும் அப்படித்தான் பயந்தேன். "சித்தி, அம்மா போயிட்டாங்க" என்றாள். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவே இல்லையாம்.

ஜங்லிகாட் மீன் சந்தையில் ஸ்டெல்லாவின் அம்மா ரீத்தம்மாள் அக்காவிடம் மீன் வாங்கியவர்களுக்கு அவர் வாயைத் தெரியும். "தாஜா ஹை க்யா?", புது மீனா என்று கேட்கும் வங்காளிக்காரரிடம், "கல் கா ஹை, தாதா. நேத்துப் பிடிச்சது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டுக்காரி என்ற உரிமையில், பிழைக்கத் தெரியாதவர் என்று திட்டுவேன். "இல்லாதத எப்படி வசந்தா சொல்ல?" என்பார். திட்டியதற்குக் கோபப்படவும் மாட்டார்.

அவர் கணவரின் படகு ஆளில்லாமல் மிதந்து வந்த பிறகு, மெயின்லேண்டிலிருந்து உறவினர்கள் கப்பலேறி வந்தார்கள். வெறும் பெட்டியை வைத்து அடக்கப் பூசை நடத்தி, அக்காவின் தாலியைக் கழற்றிவிட வேண்டும் என்றார்கள். "படகு தனியா வந்தது எனக்குத் தெரியும். அவிய செத்தது தெரியாது. தெரியாததுக்கு எப்படிக் குழி வெட்ட?" என்று அக்கா கேட்டார். கொழுந்தனார் முகம் கொடுத்துப் பேசாமலே திரும்பிப் போனார். உடனே, நம்பிக்கையோடு காத்திருந்த மனைவி என்று யாரும் அவரைப் புகழ வேண்டாம். கணவர் வருவார் என்றும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

ஸ்டெல்லாவின் கல்யாணப் பேச்சின்போது, அழைப்பிதழில் அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடச் சொன்னார்கள் மாப்பிள்ளை வீட்டார். அப்பா இருக்கிறாரா இல்லையா என்று அபசகுனமாகத் தொங்கிக்கொண்டிருக்கும் குடும்பம் என்ற பேச்சு அவர்களுக்கு வேண்டாமாம். அக்கா போடவில்லை. சம்பந்தம் முறிந்தது. "ஒத்த வார்த்தைதானே, போட்டுத் தொலையுங்க" என்று நான் கத்தினேன். அழுதார், ஆனால் மசியவில்லை. வேறு இடம் அமையும்வரை ஸ்டெல்லா அம்மாவோடு பேசவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் இன்னும் முழுதாக மன்னிக்கவில்லை.

அப்புறம் மகன் ஜெரோம், அப்பா போன அதே படகைச் செப்பனிட்டுக் கடலுக்குப் போவேன் என்று நின்றான். அந்தப் படகைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது, கடல் கொண்டுபோய்விடும் என்று சொல்லித் தடுங்கள் என்றேன். "கொண்டுபோகும்னு எனக்குத் தெரியாது. விட்டுரும்னும் தெரியாது. ரெண்டையும் அவன்கிட்டச் சொல்லிட்டேன். பெரிய பிள்ள, அவனே முடிவெடுக்கட்டும்" என்றார். அவன் போனான். போகும் ஒவ்வொரு முறையும், அவன் திரும்பும்வரை அக்காவுக்குச் சோறு இறங்காது.

அக்கா இறந்த அன்றும் அவன் கடலில்தான் இருந்தான். காற்று பலமாக இருந்தது. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. முடிந்தவரை காத்திருந்து, அவனில்லாமலே அடக்கம் செய்தோம். கூடப் போன படகுகள் திரும்பிவிட்டன. இதை எழுதும்வரை அவன் படகைப் பார்த்ததாக யாரும் சொல்லவில்லை.

நேற்று செபத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கு ஆள் "வந்துருவான், வந்துருவான்" என்றார்கள். ஒருவர் மட்டும், அம்மாவுக்கும் மகனுக்கும் சேர்த்தே பூசை வைத்துவிடலாமா என்று தாழ்ந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தார். அது ஸ்டெல்லாவின் காதில் விழுந்துவிட்டது. எல்லோரையும் விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"சித்தி, நீங்க சொல்லுங்க. தம்பி வருவானா?"

ஆறுதலுக்குப் பொய் சொல்வதில் என்னை மிஞ்ச ஆளில்லை. 'வருவான்' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது, நான் வாழ்நாளெல்லாம் திட்டித் தீர்த்த அந்தப் பிடிவாதத்தைத்தான்.

"தெரியலடி" என்றேன்.

அவள் என் தோளில் சாய்ந்து, அம்மா போன பிறகு முதல் முறையாக வாய்விட்டு அழுதாள்.