நட்டு போட்டாச்சா, சித்தி?

வெட்டிய குழாயின் முனையை உதட்டில் வைத்துத்தான் சோதிப்பார் கில்ஜா சித்தி. முப்பது வருடம் காய்த்துப்போன விரலுக்குத் தெரியாத பிசிறு உதட்டுக்குத் தெரியுமாம். பிறகு அரத்தால் இரண்டு இழுப்பு, ஓர் ஊதல். அச்சுக்கட்டையில் இறுக்கித் திருகைச் சுற்றுவார். பென்சில் பருமன்கூட இல்லாத இரும்புக் குழாய் மெல்ல வாயைத் திறக்கும். திறந்த விளிம்பை உள்பக்கமாக ஒருமுறை மடிப்பார். "ஒத்தை மடிப்புன்னா கசியும். ரெட்டை மடிப்புதான் பிரேக்கு" என்பார், யாரும் கேட்காவிட்டாலும்.

கொரியாவின் ஜூமுன்ஜின் துறைமுகத்தில் அவருக்கு வேலை குறைவதில்லை. பனி கரைய ரோட்டில் கொட்டுகிற உப்பு போதாதென்று கடலும் தன் பங்குக்கு உப்பைத் தெளிக்கிறது. வண்டிக்கடியில் பிரேக் குழாய்கள் துருவேறி அப்பளமாகிவிடும்.

வாயை விரிப்பதற்கு முன்பே, குழாயை இணைக்கிற நட்டை முனைக்கு ஒன்றாகக் கோத்துவிட வேண்டும். விரித்த பிறகு நுழையாது. இந்தத் தொழிலில் கெட்டிக்காரர்களும் செய்கிற முட்டாள்தனம் அதை மறப்பது. சித்தி வருடத்துக்கு ஒருமுறை மறப்பார். அதனால் அவர் காபி கலக்கினாலும், முடி சுருட்டிக்கொண்டு வந்தாலும், தெருவே "நட்டு போட்டாச்சா, சித்தி?" என்று கேட்கும். தொடங்கிவைத்த புண்ணியவான் நான்தான்.

"உன் வாய்க்குத்தான்டா ஒண்ணு போடணும்" என்பார் சித்தி. காபியில் பாதி எனக்கு வரும்.

பள்ளிக்கூடம் போக நான் மறந்துவிட்ட ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மீன் ஏற்றுகிற யோங்பேயின் சின்ன லாரி, கால் பிரேக் போய், கைபிரேக்கைப் பிடித்துக்கொண்டே ஊர்ந்து வந்தது. பின்னால் தொட்டி நிறைய உயிருள்ள கணவாய் மீன்கள். மலை ஏறி இறங்கி மதியத்துக்குள் சியோல் சேர வேண்டும். போன வாரம் ஒரு லோடு வழியிலேயே செத்துப்போனது. இதுவும் செத்தால் சியோல் ஓட்டல்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

"அக்கா, அரை மணி நேரம். அதுக்கு மேல போனா இதுங்க செத்து வெளுத்துரும்."

"இப்பவே நீதான் வெளுத்துப் போய் நிக்கிற. தள்ளி நில்லு, வெளிச்சத்தை மறைக்காத."

அவன் தள்ளி நிற்கவில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை "ஆச்சாக்கா?" என்றான். ஆனது. இரண்டு முனையும் விரித்து, வளைவுகள் எல்லாம் அச்சாக விழுந்த குழாய். இரண்டாவது நட்டு மேசைமேல் சும்மா கிடந்தது.

எல்லாரும் பார்த்தோம். வழக்கமான கேள்வியை யாரும் கேட்கவில்லை, நானும்.

"நுனியை மட்டும் வெட்டிட்டு மறுபடி விரிச்சிருங்கக்கா" என்றான் யோங்பே. "ஒரு விரக்கடைதானே குறையும். இழுத்து மாட்டிக்கலாம்."

"இழுத்து மாட்டின குழாய் குலுங்கினா முறியும். நீ மலையில இறங்கணும்."

"அதுக்குள்ள செத்துரும்க்கா."

"சாகட்டும்" என்றார் சித்தி. புதுக் குழாயை அளந்துகொண்டே, "கணவாய் சாகட்டும்" என்றார்.

இந்த முறை முதல் முனையை விரிப்பதற்கு முன்பே இரண்டு நட்டையும் கோத்துவிட்டார். மாட்டி, உள்ளே அடைந்த காற்றை வெளியேற்றி, இணைப்புகளில் வெள்ளைக் காகிதம் சுற்றி, லாரிக்கடியில் படுத்துக்கொண்டே யோங்பேயிடம் "மிதி" என்றார். இருபது மிதி. காகிதம் நனையவில்லை. "இன்னும் பத்து" என்றார்.

தொட்டியில் ஒன்பது கணவாய்கள் வெளுத்து மிதந்தன. யோங்பே எண்ணிப் பார்த்தான். ஏறி, வண்டியைக் கிளப்பினான்.

கடைக்கு வெளியே ரோடு சரிந்து சிக்னலில் போய் முடியும். சித்தி ரப்பர் செருப்போடு ரோட்டோரம் வந்து நின்றார். லாரி வேகம் பிடித்து இறங்கியது. சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. லாரியின் பின்விளக்குகள் எரிந்து, வண்டி கோட்டருகே நிற்கும்வரை, அந்தக் காலை அவர் எடுக்கவில்லை.