சாம்பல் தூவிய ஓடுபாதை

அக்டோபர் ஒன்பதாம் தேதி மிஹோவும் அவள் அம்மா தொமொயேவும் ஓடுபாதை ஓரத்துக் கம்பத்தில், காற்றின் திசை காட்டும் காற்றுப்பையை மாற்றினார்கள். பழைய பையின் வாய் கிழிந்துபோயிருந்தது. அம்மா ஏணிமேல் நின்றாள். மகள் கீழே பிடித்துக்கொண்டாள்.

"ஏணியை ஆட்டாதேடி."

"நான் எங்க ஆட்டுறேன்? நீதான் ஆடுற."

"அறுபத்தஞ்சு வயசுல ஆடாம என்ன பண்ணும்? பத்தாம் நம்பர் ஸ்பானரைக் குடு. அது பன்னெண்டு. என்ன எஞ்சினியரோ நீ!"

புதுப் பை காற்றைக் குடித்து நீண்டு நின்றது. இருவரும் சோற்றுருண்டையைத் தின்றுகொண்டே அதைச் சற்று நேரம் பார்த்தார்கள். நாலு மணி ரயிலில் மிஹோ தான் வேலை செய்யும் சப்போரோ நகரத்துக்குத் திரும்பினாள். அவ்வளவுதான்.

பதின்மூன்று நாள் கழித்து, காலைச் சாப்பாட்டு மேசையிலேயே தொமொயேவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. ஆம்புலன்ஸ் இருபது நிமிடத்தில் வந்தது. போதவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் தொமொயே அந்த ஓடுபாதையில் முதன்முதலாக இறங்கிய கதையைத்தான் சொன்னார்கள், ஆளுக்கொரு மாதிரி. ஒருவர் பனி மூன்று மீட்டர் என்றார். இன்னொருவர் இருநூறு பேர் மண்வாரியோடு வந்ததாகச் சொன்னார். மிஹோ பாலங்களைச் சோதிக்கும் பொறியாளர். விரிசலை மில்லிமீட்டரில் அளந்து எழுதுவது அவள் பிழைப்பு. அவளிடம் தேதியும் இருந்தது, அளவும் இருந்தது. நடந்தது இதுதான்.

தொமொயே இருபத்தெட்டு வருஷம் பால் லாரி ஓட்டியவள். பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை உறிஞ்சித் தொழிற்சாலையில் கொண்டுபோய் இறக்கும் டேங்கர் அது. பனியானாலும் புயலானாலும் மாடு பால் கறக்காமல் இருக்காது. ஆகையால் லாரியும் நிற்காது. ஐம்பத்தெட்டாவது வயதில் விமானம் ஓட்டும் உரிமம் வாங்கினாள். அறுபத்தொன்றில், கண் மங்கிப்போன ஒரு பல் மருத்துவரிடமிருந்து நாற்பது வயதான இரண்டு இருக்கை விமானம் ஒன்றை வாங்கினாள். வாங்கிய பிறகுதான் அதை எங்கே வைப்பது என்ற கேள்வி வந்தது. பல் மருத்துவர் வைத்திருந்த இடத்தை மார்ச் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும்.

மூன்று இடங்களைப் பார்த்தாள். முதலாவது நகரத்து விமானத் திடல். அங்கே காத்திருப்போர் வரிசையில் ஒன்பது பேர்.

"நான் பத்தாவது ஆளா நின்னு, என் முறை வரும்போது எனக்கே ரெக்கை முளைச்சிருக்கும்" என்று திரும்பிவிட்டாள்.

இரண்டாவது, ஆற்றுப்படுகையில் புல்தரை. அங்கே பறப்பவர்கள் நல்லவர்கள், தேநீர் கொடுத்தார்கள். ஆறு பெருகினால் விமானத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். கரைமேல் தள்ளிக்கொண்டு போய்விடுவோம் என்றார்கள். கொட்டகைச் சுவரில் சேற்றுக்கோடு அவள் மோவாய் உயரத்துக்கு இருந்தது. தேநீரைக் குடித்து முடித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பினாள்.

மூன்றாவது, வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் இருந்தது. முப்பது வருஷத்துக்கு முன்னால், மக்காச்சோளத்தைப் பறித்த அன்றே தோக்கியோவுக்கு விமானத்தில் அனுப்பலாம் என்று நகராட்சி போட்ட ஓடுபாதை. நீளம் எண்ணூறு மீட்டர், அகலம் இருபத்தைந்து. நாலு கோடை சோளம் பறந்தது. பிறகு அதைவிட லாரியே மேல் என்று ஆகிவிட்டது. அதன்பின் அங்கே சைக்கிள் பந்தயம் நடத்தினார்கள், அவரைப் பயறு காயப்போட்டார்கள்.

"அம்மா, அங்க ஒரு ஈ காக்கா கிடையாது. பெட்ரோல் கிடையாது. ஏன் அதையே பிடிச்சுத் தொங்குற?" என்று மிஹோ போனில் கேட்டாள்.

"அந்த ஓடுபாதையை ஒட்டியே ரோடு போகுது பார்த்தியா? இருபத்தெட்டு குளிர்காலம் அதுல லாரி ஓட்டியிருக்கேன். மத்த ரோட்டுல எல்லாம் காத்து குறுக்க அடிச்சுப் பனியைக் குவிச்சு வச்சிரும். இதுல மட்டும் ஒரு நாள்கூடப் பனி குறுக்க குவிஞ்சதில்லை. ஏன் சொல்லு?"

பதிலையும் அவளே சொன்னாள்.

"காத்து ரோட்டோடவே போகுது. அப்போ ஓடுபாதையிலயும் நேரா வரும். குறுக்குக் காத்து இல்லாத இடத்தை விட்டுட்டு வேற எங்கடி போவேன்?"

மிஹோ வானிலை நிலையத்தின் பத்து வருஷக் காற்றுக் கணக்கை எடுத்துப் பார்த்தாள். நூற்றுக்கு எண்பத்து மூன்று பங்கு காற்று ஓடுபாதையின் திசையிலேயே இருந்தது. அம்மாவிடம் அதைச் சொல்ல அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது.

"இதுக்கா ஒரு வாரம்? லாரியில ஏறியிருந்தா ஒரே நாள்ல தெரிஞ்சிருக்கும்" என்றாள் தொமொயே.

ஆனால் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. நகராட்சியில் விவசாயப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த குனிமோட்டோ தாளை எடுத்து முன்னால் வைத்தார். இந்த நிதியாண்டுக்குள் ஒரு விமானமாவது வந்து இறங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஏப்ரல் ஒன்று முதல் அது ஓடுபாதை அல்ல. சூரியத் தகடு பதிக்கும் நிலம். நிதியாண்டு முடிவது மார்ச் முப்பத்தொன்று. அங்கே பனி உருகுவது ஏப்ரல் பாதியில்.

"பனியை நான் தள்ளிடறேன்" என்றாள் தொமொயே.

"முடியாது தொமொயேம்மா. மூணு வருஷம் முன்னாடி பனி தள்ளுற வண்டி தார் ஓரத்தைப் பேத்துருச்சு. அதுலேர்ந்து ஓடுபாதை மேல வண்டியே ஏறக்கூடாதுன்னு விதி. எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு."

"வண்டிதானே ஏறக்கூடாது?"

"ஆமா."

"சாம்பல் ஏறலாமா?"

குனிமோட்டோ விதித் தாளை இரண்டு முறை படித்தார். சாம்பலைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

அந்த ஊர் உழவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். மார்ச் பிறந்ததும் வயல் பனிமேல் கரிச்சாம்பலைத் தூவுவார்கள். கறுப்பு வெயிலைக் குடிக்கும்; பனி பத்துப் பதினைந்து நாள் முன்னதாகவே கரையும்; கோதுமை மூச்சுவிடும். ஆனால் ஓடுபாதைக்குச் சாம்பல் போட்டவர் அதுவரை யாரும் இல்லை.

ஓடுபாதையின் தெற்கே ஹிராகுச்சியின் சர்க்கரை பீட் கிழங்கு வயல். எழுபது வயது, வாய் நீளம். தொமொயே அவரிடம் டிராக்டரும் உரம் தூவும் எந்திரமும் கேட்டாள்.

"பால்வண்டியம்மா, உன் விமானத்தை விதைச்சு அறுவடை பண்ணப்போறியா?"

"ஆமா அண்ணே. முளைச்சா உங்களுக்கும் ஒண்ணு தர்றேன்."

"எனக்கு வேணாம். என் பொண்டாட்டியை ஏத்தி எங்கயாவது தூரமா இறக்கிட்டு வா, போதும்."

எந்திரம் பன்னிரண்டு மீட்டர் வீசும். வடக்கே ரோட்டில் ஒரு நடை, தெற்கே வயலில் ஒரு நடை. டிராக்டரின் சக்கரம் ஓடுபாதையைத் தொடவே வேண்டாம். மார்ச் மூன்றாம் தேதி எண்பது மூட்டை சாம்பல் இறங்கியது. குனிமோட்டோ அளவுநாடாவோடு நின்று பார்த்தார், சட்டைக் காலர் கறுக்கும்வரை. எண்ணூறு மீட்டரும் கறுத்துக் கிடக்க, நட்டநடுவில் மட்டும் ஒரு மீட்டர் வெள்ளை, வகிடு எடுத்ததுபோல.

அன்று பனியின் ஆழம் ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். அதன்பிறகு தினமும் சாயங்காலம் தொமொயே போனில் ஓர் எண் சொல்வாள். நாலாம் நாள் ஐம்பத்தொன்று. ஏழாம் நாள் நாற்பத்தாறு. மிஹோ அதைத் தாளில் புள்ளியாக வைத்து, புள்ளிகள்மேல் கோடு இழுத்தாள். கோடு ஏப்ரல் நாலாம் தேதி பூச்சியத்தைத் தொட்டது.

"அம்மா, நாலு நாள் இடிக்குது. வேற இடம் பாரு."

"உன் கோட்டுக்கு வெயில் தெரியுமா?"

"தெரியும். சேர்த்துத்தான் போட்டேன்."

"சரி, நாளைக்கு முப்பத்தொம்பது சொல்வேன். எழுதிக்கோ."

வெயில் நன்றாக அடித்தது. இருபத்து மூன்றாம் தேதி ஒன்பது சென்டிமீட்டர்தான் மிச்சம், கோடு தோற்றுக்கொண்டிருந்தது. இருபத்து நாலாம் தேதி பனி கொட்டியது. பதினோரு சென்டிமீட்டர், சுத்த வெள்ளை. போட்ட சாம்பல் முழுக்க அடியில் போய்விட்டது. கையில் ஒரு மூட்டையும் இல்லை. கூட்டுறவு சங்கத்திலும் தீர்ந்துவிட்டது. அன்று சாயங்காலம் தொமொயே எண் சொல்லவில்லை.

"இப்பவும் அந்தப் புல்தரையில இடம் இருக்கும்மா" என்றாள் மிஹோ.

"சேத்துக்குள்ள விமானம் வைக்கவா? போனை வை."

மறுநாள் வழக்கம்போல லாரியை எடுத்தாள். ஒவ்வொரு பண்ணையிலும் பாலை உறிஞ்சும் நேரத்தில் ஒரே ஒரு கேள்வி. சாம்பல் ஏதாவது மிச்சம் இருக்கா? எந்தக் கொட்டகையிலும் மூலையில் ஒன்றிரண்டு மூட்டை கிடக்கும். அது அந்த ஊர்ப் பழக்கம். முதல் பண்ணையில் இரண்டு. அடுத்ததில் மூன்று. பக்கத்து இருக்கையில் அடுக்கிக்கொண்டாள். இடம் போதாமல் போனபோது பண்ணைக்காரர்களே தங்கள் வண்டியில் பின்னால் வந்தார்கள். மத்தியானம் வெள்ளை டேங்கரின் கதவெல்லாம் கறுப்புக் கைத்தடம். தொழிற்சாலை வாசலில் மேலாளர் கத்தினார்.

"பால் கொண்டுவந்தியா, கரி கொண்டுவந்தியா?"

"உள்ள இருக்கிறது வெள்ளைதான், திறந்து பாருங்க!"

நாற்பத்து மூன்று மூட்டை சேர்ந்தது. அன்றைக்கே தூவினார்கள். குனிமோட்டோ இந்த முறை அளவுநாடா கொண்டுவரவில்லை. மூட்டை பிரிக்கக் கத்தி கொண்டுவந்தார்.

மிஹோ இருபத்தெட்டாம் தேதி விடுப்புப் போட்டு வந்தாள். நிதியாண்டு முடிவில் அறிக்கைகள் குவிந்து கிடக்கும் நேரம். மேலதிகாரியின் முகத்தைப் பார்க்காமலே கிளம்பினாள். ஓடுபாதையை நடந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் தார் தெரிந்தது, ஈரமாக, ஆவி பறக்க. நடுவகிடு மட்டும் முழங்கால் உயரத்துக்குக் கெட்டிப் பனியாக நின்றது. இறங்க அனுமதி தந்த தாளில் முழு அகலமும் வெறுந்தரையாக இருக்க வேண்டும் என்று இருந்தது. மிஹோ கணக்குப் போட்டாள். வகிடு தானாக உருக இன்னும் ஆறு நாள்.

"வண்டி ஏறக்கூடாது. சாம்பல் எட்டாது. என்னம்மா பண்றது?"

"ஆள் ஏறலாமே" என்றாள் தொமொயே.

முப்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். இருநூறு பேர் இல்லை. அறுபத்தேழு பேர். மிஹோ எண்ணினாள். பால் பண்ணைக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், அஞ்சலக ஊழியர் இருவர், கறுப்புக் கைத்தடத்துக்குக் கத்திய தொழிற்சாலை மேலாளர். எல்லோர் கையிலும் மண்வாரி. ஆளுக்குப் பன்னிரண்டு மீட்டர் என்று மிஹோ கோடு கிழித்துக் கொடுத்தாள்.

"சப்போரோ அம்மணி, என்னுது பதிமூணு மாதிரி இருக்கே!" என்றார் ஹிராகுச்சி.

"அளந்துதான் போட்டேன். பன்னெண்டுதான்."

"அப்போ என் முதுகு தப்பா அளக்குது."

பதினொன்றரைக்குப் பனி இல்லை. பிறகு துடைப்பம். ஒரு கல் கிடந்தாலும் விமானத்தின் விசிறியைக் கொத்திவிடும் என்று தொமொயே சொல்லியிருந்தாள். அறுபத்தேழு பேரும் தோளோடு தோள் நின்று எண்ணூறு மீட்டரையும் பெருக்கிக்கொண்டே போனார்கள். தொமொயே பாதியிலேயே துடைப்பத்தை மகளிடம் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினாள். மறுநாள் விமானத்தைக் கொண்டுவர வேண்டுமே.

முப்பத்தொன்றாம் தேதி, விமானம் கடந்து வர வேண்டிய மலைக் கணவாயில் மேகம் இறங்கியிருந்தது. பத்து மணிக்கு வரவேண்டியவள் வரவில்லை. பன்னிரண்டும் ஆயிற்று. அலுவலகம் ஐந்தேகாலுக்கு மூடும். அதற்குள் பதிவேட்டில் முத்திரை விழ வேண்டும். குனிமோட்டோ பதிவேட்டை ஓடுபாதைக்கே கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மதியச் சாப்பாட்டை மட்டும் வரவழைத்தார்கள்.

ஒன்று நாற்பதுக்கு மிஹோவின் போன் அடித்தது.

"மேகம் விலகிருச்சு. கிளம்புறேன். அங்க காத்து எப்படி?"

மிஹோ காற்றுப்பையைப் பார்த்தாள். ஓடுபாதைக்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றது.

"நீ சொன்ன மாதிரியே" என்றாள்.

இரண்டு நாற்பத்திரண்டுக்கு மேற்கே ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு சத்தம். பிறகு சிறகு. விமானம் தாழ்ந்து, ஹிராகுச்சியின் வயல்மேல் வளைந்து திரும்பி, தாரைத் தொட்டது. ஒரு குலுக்கல்கூட இல்லை, பால் சிந்தக்கூடாது என்று ஓட்டுகிற லாரிபோல. சனம் கத்திய கத்தலில் பக்கத்துக் கொட்டகை மாடுகள் பதில் குரல் கொடுத்தன. மிஹோ தானும் கத்திக்கொண்டிருந்ததைத் தொண்டை எரிந்தபோதுதான் உணர்ந்தாள். தன் கணக்கு தப்பியதற்காக அவள் அப்படிச் சந்தோஷப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கதவைத் திறந்து இறங்கிய தொமொயே முதலில் விசிறியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"நல்லாப் பெருக்கியிருக்கீங்க" என்று கூட்டத்துக்குத் தலை வணங்கினாள்.

"முப்பது வருஷத்துல இங்கிருந்து சோளம்தான் கிளம்பிப் போச்சு. வந்து இறங்கினது நீதான் முதல்" என்றார் ஹிராகுச்சி.

"சோளத்தை ஏத்திக்க விமானம் வந்து இறங்கித்தானே ஆகணும்?" என்றார் குனிமோட்டோ.

"அது காலியா வந்துச்சு. கணக்குல சேராது."

குனிமோட்டோ சிரித்துக்கொண்டே பதிவேட்டை விமானத்தின் சிறகின்மேல் வைத்து முத்திரையைக் குத்தினார். இறங்கியவை: ஒன்று. மூன்று மணிகூட ஆகவில்லை.

சூரியத் தகடு வேறு ஊருக்குப் போயிற்று. அடுத்த வருஷம் இன்னொரு விமானம் வந்தது. பிறகு மேலும் இரண்டு. நாலரை வருஷத்தில் தொமொயே அங்கிருந்து நானூற்றுப் பதினாறு முறை கிளம்பினாள். ஹிராகுச்சியின் மனைவியை ஏற்றிக்கொண்டு போய்க் கடலைக் காட்டி, பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தும் விட்டாள். அதற்காக ஹிராகுச்சி ஒரு மாதம் பேசவில்லை என்று ஊரில் சொல்வார்கள். ஒவ்வொரு மார்ச்சிலும் முதலில் கறுக்கிற நிலம் ஓடுபாதைதான் என்று ஆகிவிட்டது.

காரியங்கள் முடிந்து, நவம்பர் பதினெட்டாம் தேதி மிஹோ அம்மாவின் கைப்பையைக் காலி செய்தாள். மூக்குக்கண்ணாடி, ரயில் சீட்டு, இரண்டு மிட்டாய். உள்ளறையில் நான்காக மடித்த கூட்டுறவு சங்கத் தாள். வரும் மார்ச்சுக்கான சாம்பல் விண்ணப்பம். பெயர் எழுதி முத்திரையும் வைத்திருந்தாள். நிலம், இரண்டு ஹெக்டேர். மூட்டை, நூற்றிருபது. என்ன பயிர் என்று கேட்ட கட்டத்தில், அழுத்தமான கையெழுத்தில், விமானம்.

அம்மா அதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கவில்லை. கொடுக்க வேண்டிய கடைசி நாள் நவம்பர் இருபது. இன்னும் இரண்டு நாள் இருந்தது.