சந்தவாசலுக்கும் மலைக்கும் நடுவே ஒரு ஆடுபுலி

எண்பதுகளின் தொடக்கத்தில் சந்தவாசலிலிருந்து மலைக்கு ஜீப் ஓட்டினேன். ஆட்களும் புளிமூட்டையும் போக, இன்னொன்றையும் ஏற்றி இறக்கினேன்: வசவு.

கீழே சைக்கிள் கடைக்காரர், மேலே புளி விவசாயி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. என் வழியாகவே ஆடுபுலி ஆடினார்கள். இருவரிடமும் ஒரே மாதிரிக் கட்டம். கீழே இருப்பவருக்குப் புலி, மேலே இருப்பவருக்குப் பதினைந்து ஆடு. 'ரெண்டாங்கோடு, நடுப்புள்ளி' என்று காயின் நகர்வைச் சொல்லியனுப்புவார்கள். ஆறாவதோடு படிப்பை விட்டவன் நான். எதையும் எழுதி வைக்காமல், மறந்துவிடுமோ என்று வளைவுக்கு வளைவு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுவேன்.

"புலிக்குப் பல்லு வுழுந்துடுச்சா, களி கரைச்சி ஊத்தணுமான்னு கேளுப்பா" என்பார் மேலே இருப்பவர்.

"ஆட்டையெல்லாம் வூட்ல கட்டிட்டுத் தூங்கச் சொல்லு" என்பார் கீழே இருப்பவர்.

ஒருநாள் சைக்கிள் கடைக்காரர், "கூட ஒரு ஆடு வெச்சி ஏமாத்துறான்னு சொல்லு" என்றார். சொன்னேன். மேலே இருந்தவர் சிரிக்கவில்லை.

"சந்தை அன்னிக்கு நானே எறங்கி வர்றேன்."

அடிதடி ஆனால் மலைக்காரர்கள் வேறு ஜீப்புக்குப் போய்விடுவார்கள். என் பிழைப்பே அவர்கள்தான். சந்தை நாள்வரை சோறு இறங்கவில்லை.

வந்தார். மடியில் முடிச்சு. கத்தியோ என்று பார்த்தேன்.

கடைக்காரர் எழுந்து, "வாங்கண்ணா, டீ சாப்பிடுங்க" என்றார்.

"இருக்கட்டுங்க."

ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், நடுவில் நான். மலைக்காரர் முடிச்சை அவிழ்த்து, ஆடுகளாக வைத்து ஆடும் புளியங்கொட்டைகளைக் கொட்டினார். என்னைப் பார்த்து, "எண்ணிப் பாக்கச் சொல்லுப்பா" என்றார்.

கடைக்காரர் எண்ணினார். அவரும் என்னிடமே, "பதினஞ்சுதான். தப்பா சொல்லிட்டேன்னு சொல்லு. ஆனா புலி இன்னும் பசியோட இருக்குன்னும் சொல்லு" என்றார்.

"பசிச்சா புல்லு தின்னச் சொல்லு!"

கட்டம் வரைந்தார்கள். ஜீப்பில் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தேன். இருவரும் ஆளுக்கொரு பக்கம் சட்டையைப் பிடித்து என்னை உட்கார வைத்தார்கள்.